கயிறு, கட்டை, கடிகாரம்: நீச்சல் குளத்தின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமர இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் போன வாரம் போனில் பேசினார். போட்டி நீச்சல் குளங்களுக்கும் தண்ணீர்ப் பூங்காக்களுக்கும் வேண்டிய சாமான்களை சப்ளை செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். "ஊருக்கு வந்தால் என்ன வேலை என்று கேட்கிறார்கள் சார். குளத்தில் கட்டும் கயிறு விற்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு நீந்தக் கயிறு எதற்குடா என்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வரலாறு ஏதாவது உண்டா?" என்றார்.

உண்டு தம்பி. நிறையவே உண்டு. போனில் சொல்லி முடியாது என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் குளத்துக்குப் பஞ்சமே கிடையாது. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் கமலாலயம் மட்டும் ஏறத்தாழ 33 ஏக்கர். மன்னார்குடியில் ஹரித்ரா நதி என்று பெயரே நதிதான், அவ்வளவு பெரிய தெப்பக்குளம். தஞ்சாவூரில் 16-ஆம் நூற்றாண்டில் சேவப்ப நாயக்கர் வெட்டிய ஏரியில் மழைநீர் தேங்கித் தெளிந்து, பிறகு சிவகங்கைக் குளத்துக்கு வந்தது. அங்கிருந்து நிலத்தடிக் குழாய்கள் வழியாக ஊருக்குள் இருந்த குளங்களுக்கும் கிணறுகளுக்கும் போனது. அதற்கு ஜலசூத்திரம் என்று பெயர். தண்ணீரைத் தேக்கி, தெளியவைத்து, குழாயில் அனுப்புவது நமக்குப் புதிய வித்தை இல்லை. இன்னும் பின்னால் போனால் மொகஞ்சதாரோவின் பெருங்குளம். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், இரண்டே கால் மீட்டருக்கு மேல் ஆழம். செங்கல் கட்டிடத்தில் நீர் கசியாமல் இருக்க நிலக்கீல் பூசியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் படித்தது நினைவிருக்கும்.

ஆனால் இந்தக் குளங்களில் எதிலும் ஒரு கயிறு கட்ட வேண்டிய தேவை வரவில்லை. குளிப்பதற்கு, தெப்பம் விடுவதற்கு, மாடு கழுவுவதற்கு, கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதற்குக் கயிறு எதற்கு? இரண்டு பேர் "யார் முதலில்?" என்று கேட்டுக்கொண்ட அன்றுதான் கயிற்றின் கதை தொடங்குகிறது.

1896-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது நீச்சல் போட்டிக்குக் குளமே இல்லை. கடலில்தான் நீந்தினார்கள். ஏப்ரல் மாதக் குளிரில், அலைக்கு நடுவே. ஹங்கேரியின் ஆல்ஃப்ரெட் ஹாயோஷ் உடம்பு முழுக்கக் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கி இரண்டு போட்டிகளில் வென்றார். உயிரோடு கரை சேர வேண்டும் என்ற எண்ணமே வெற்றி ஆசையை விடப் பெரிதாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாராம். 1900-இல் பாரிஸில் செய்ன் ஆற்றில் போட்டி. ஆற்றின் ஓட்டத்தோடு நீந்தியதால் நேரமெல்லாம் அபாரமாக இருந்தது. திருவையாற்றில் ஆடிப்பெருக்கு நாளில் மேலிருந்து கீழே நீந்தினால் யார்தான் வேகமாகப் போக மாட்டார்கள்? 1904-இல் செயற்கை ஏரி. 1908-இல் லண்டனில் ஓட்டப்பந்தய மைதானத்துக்கு நடுவிலேயே 100 மீட்டர் நீளக் குளம் கட்டினார்கள். அதே ஆண்டு, அதே ஊரில்தான் உலக நீச்சல் கூட்டமைப்பும் உருவானது. 1912-இல் மறுபடியும் துறைமுகத் தண்ணீருக்குப் போய்விட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆற்றில் ஒருவன் எடுத்த நேரத்தையும் கடலில் இன்னொருவன் எடுத்த நேரத்தையும் எப்படி ஒப்பிடுவது? ஒரு கணக்கை இரண்டு பேரிடம் கொடுத்து, ஒருவனுக்கு மட்டும் விடையைப் பாதி சொல்லிக்கொடுத்த மாதிரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் இதற்கு வழி பிறந்தது. 50 மீட்டர் குளம், அடியில் கோடு, மேலே தக்கை கோத்த கயிறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாதை. இன்றைய போட்டிக் குளத்தின் அச்சு அங்கே விழுந்தது.

தக்கை என்றதும் நம் நெட்டி நினைவுக்கு வரவேண்டும். குளம் குட்டைகளில் வளரும் அந்தச் செடியின் தண்டைச் சீவித்தான் பெரிய கோயில் உருவங்களைச் செய்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கனமே இல்லாமல் மிதக்கும். பாரிஸ்காரர்கள் தக்கையைக் கயிற்றில் கோத்தது போல நம் பிள்ளைகள் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். வாழைத்தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை உதைத்தார்கள். ஆக, மிதவை சப்ளை நம்மிடமும் இருந்தது. பில் போடவில்லை, அவ்வளவுதான்.

தக்கைக் கயிறு பாதையைப் பிரித்ததே தவிர அலையைத் தடுக்கவில்லை. எட்டுப் பேர் கையையும் காலையும் அடித்து நீந்தும்போது பக்கத்துப் பாதையின் அலை முகத்தில் வந்து அறையும். இதைத் தீர்க்க உழைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் அடால்ஃப் கீஃபர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மல்லாந்து நீச்சலில் தங்கம் வென்றவர். 1947-இல் நீச்சல் சாமான்களுக்கென்றே கம்பெனி தொடங்கினார். 1960-களில் அவர் கொண்டுவந்ததுதான் அலையைத் தின்னும் கயிறு. கயிறு முழுக்க வட்ட வட்டமான பிளாஸ்டிக் தட்டுகள். அலை வந்து மோதினால் தட்டு சுழலும். அலையின் வேகம் தட்டைச் சுழற்றுவதிலேயே செலவாகிவிடும். பக்கத்துப் பாதைக்குப் போகாது. நம்ம தம்பி விற்கும் கயிறு அந்தக் குடும்பத்தில் வந்ததுதான். கீஃபரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கயிற்றில் நிறங்களைப் பார்த்திருப்பீர்கள். நடுப் பாதைகளுக்கு மஞ்சள், ஓரத்துக்குப் பச்சை, இடையில் நீலம். இரண்டு முனையிலும் 5 மீட்டருக்குச் சிவப்பு. சுவர் நெருங்குகிறது என்பதற்கு அது அடையாளம். 15 மீட்டரிலும் ஓர் அடையாளம் இருக்கும். மார்பு நீச்சலைத் தவிர மற்றவற்றில் தண்ணீருக்கடியில் அதுவரைதான் போகலாம், அதற்குள் தலை வெளியே வந்தாக வேண்டும். குளத்தின் குறுக்கே மேலே சின்னச் சின்னக் கொடிகள் தொங்கும். திருவிழாத் தோரணம் என்று நினைக்காதீர்கள். மல்லாந்து நீந்துகிறவனுக்குப் பின்னால் சுவர் இருப்பது தெரியாது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் கொடி தெரிந்ததும் கையை எண்ணிக்கொள்வான். அந்தக் கொடி இல்லையென்றால் மண்டை உடையும்.

குதிக்கும் கட்டை 1936-இல் ஒலிம்பிக்குக்கு வந்தது. அதன் உயரம் தண்ணீருக்கு மேல் அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர். கட்டைக்குப் பின்னால் இன்று ஒவ்வொரு பாதைக்கும் தனி ஒலிபெருக்கி இருக்கிறது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பாதைகளின் அகலம் இரண்டரை மீட்டர். முதல் பாதை ஓரத்தில் நின்று ஒருவர் துப்பாக்கி சுட்டால் எட்டாவது பாதைக்காரன் பதினேழரை மீட்டர் தள்ளி நிற்கிறான். அவன் காதுக்குச் சத்தம் போக விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். போட்டியே நூறில் ஒரு பங்கில் முடிகிறது. ஓரத்தில் நிற்கிறவன் செய்த பாவம் என்ன? அதற்குத்தான் எட்டுப் பேருக்கும் எட்டு ஒலிபெருக்கி.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். இந்தத் தொழிலின் வரலாற்றில் மிகவும் வருத்தமான நாள் 1960-இல் வருகிறது. ரோம் ஒலிம்பிக், 100 மீட்டர் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட், அமெரிக்காவின் லான்ஸ் லார்சன். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டார்கள். அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்துச் சொல்லும் நடுவர்கள்தான். முதலிடம் யாருக்கு என்று பார்க்க மூன்று பேர். அவர்களில் இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாமிடம் யாருக்கு என்று பார்க்க வேறு மூன்று பேர். அவர்களில் இருவரும் டெவிட் என்றே சொன்னார்கள். அதாவது முதலாவதும் அவர்தான், இரண்டாவதும் அவர்தான்! கையில் கடிகாரம் பிடித்தவர்களைக் கேட்டால், டெவிட்டுக்கு மூவரும் 55.2 விநாடி. லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. கடிகாரப்படி லார்சன்தான் முந்தினார். ஆனால் தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கம் என்று அறிவித்தார். லார்சனின் நேரமும் 55.2 என்று மாற்றி எழுதப்பட்டது. மேல்முறையீடுகள் எதுவும் பலிக்கவில்லை.

வகுப்பில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால், யார் சொல்வது உண்மை என்று தெரியாமல் வாத்தியார் விழிப்பது உண்டல்லவா? உலகமே பார்த்துக்கொண்டிருக்க அப்படி விழித்தார்கள். கண்ணை நம்பக் கூடாது என்ற முடிவுக்கு வந்தார்கள். சுவரிலேயே ஒரு பலகையை மாட்டினால், நீச்சல்காரனின் கையே கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளும். 1967-இல் கனடாவின் வினிபெக் நகரில் நடந்த போட்டியிலும், அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் இந்தத் தொடுபலகை வந்தது. செய்தது ஒமேகா கடிகாரக் கம்பெனி. 2.4 மீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் உயரம், ஒரு சென்டிமீட்டர் தடிமன். அலை வந்து மோதினால் அசையாது. கை அழுத்தினால் மட்டும் நிற்கும். அந்த ஒரு சென்டிமீட்டரையும் கணக்கில் சேர்த்துத்தான் குளத்தைக் கட்டுகிறார்கள். பலகை மாட்டிய பிறகும் நீளம் 50 மீட்டருக்குக் குறையவே கூடாது. கொத்தனாருக்குக் கை நடுங்கினால் உலக சாதனை செல்லாமல் போய்விடும்.

அளவு நுட்பமானதும் அடுத்த சிக்கல். 1972 மியூனிக்கில் 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் ஸ்வீடனின் குன்னார் லார்சன் 4 நிமிடம் 31.981 விநாடி. அமெரிக்காவின் டிம் மெக்கீ 31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் தங்கம் கைமாறியது. அந்த நேரத்தில் ஒருவன் நீந்தக்கூடிய தூரம் மூன்று மில்லிமீட்டர். ஓடு பதிக்கும் சாந்து ஒரு பாதையில் சற்றுக் கனமாக இருந்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடுமே! அது நீச்சல்காரனின் திறமையா, கொத்தனாரின் கரண்டியா? அதனால் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது என்று விதியை மாற்றினார்கள். அளக்க முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் அளந்துவிடக் கூடாது என்று புரிந்துகொண்டார்கள். அதன் பலனை 2016 ரியோவில் பார்த்தோம். 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வென்றார். அவருக்குப் பின்னால் ஃபெல்ப்ஸ், லே குளோஸ், செக் மூவரும் 51.14 விநாடி. மூன்று பேருக்கும் வெள்ளி.

ரோமுக்கு ஒரு முறை திரும்பிப் போக வேண்டும். 1960-இல் அந்தக் குழப்பம் நடந்த அதே ஃபோரோ இட்டாலிகோ நீச்சல் அரங்கத்தில், 2021 ஜூன் மாதம் இந்தியர் ஒருவர் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் இறங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற வேண்டிய நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. அவர் எடுத்தது 56.38. பத்தில் ஒரு பங்கு விநாடியில், ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். சஜன் பிரகாஷ். கேரளத்தில் பிறந்தவர், வளர்ந்தது நம் பக்கத்து நெய்வேலியில். அவருடைய அம்மா நிலக்கரி நிறுவன ஊழியர், விளையாட்டு வீராங்கனையும்கூட. கண்ணால் பார்த்துச் சொல்லும் காலமாக இருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கை யார் நம்பியிருப்பார்கள்? ஒரு பலகையும் கடிகாரமும் நெய்வேலியில் நீந்திய பையனுக்கு ரோமில் சாட்சி சொல்லின. கருவி யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும் தம்பி?

இதுவரை சொன்னது மேலே தெரிகிற சாமான்கள். குளத்தின் பாதி சாமான் கண்ணுக்கே தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 2,500 கன மீட்டர், அதாவது 25 லட்சம் லிட்டர். நமக்குக் கன அடிக் கணக்குதான் பழக்கம். ஒரு கன அடி 28.3 லிட்டர். விநாடிக்கு ஒரு கன அடி ஓடும் வாய்க்கால் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் ஏறத்தாழ ஓர் ஒலிம்பிக் குளம் நிரம்பும். நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர். ஆக, ஒரு குளத்துத் தண்ணீர் அரை ஏக்கர் நெல்லுக்குத்தான் காணும். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கும் ஊரில் நீச்சல் குளம் ஊதாரித்தனம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தண்ணீரை தினமும் மாற்றுவதில்லை. அதையே சுற்றிச் சுற்றிச் சுத்தம் செய்கிறார்கள்.

நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரும் வடிகட்டியின் வழியே போய்வர வேண்டும். அப்படியானால் விநாடிக்கு நான்கு முதல் ஆறு கன அடி. ஒரு சின்னக் கிளை வாய்க்காலே குளத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது! ஓட்டுவது மோட்டார் பம்ப். கோயம்புத்தூர் பம்ப் செட் என்றால் டெல்டாவில் தெரியாதவர் உண்டா? வடிகட்டுவது மணல். காவிரி மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிந்த தண்ணீர் குடித்தவர்களுக்கு மணலின் வேலையை விளக்க வேண்டியதில்லை. அதோடு குளோரின். 1910-களிலிருந்து குளங்களில் பயன்படுகிறது. புயலுக்குப் பிறகு கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரின் உறவுக்காரன்தான். ஒரு செய்தி: குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் குளோரின் நிறைய இருக்கிறது, நல்ல சுத்தம் என்று நினைக்கிறோம். குளோரினோடு வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து உண்டாகும் பொருளின் நெடி அது. நல்ல குளத்தில் அவ்வளவு நெடி அடிக்காது. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகும்போது நினைவில் வையுங்கள். குளிக்காமல் இறங்க விடாதீர்கள்.

நம் நாட்டில் இந்தச் சாமான்கள் பெரிய போட்டிகளை ஒட்டியே வந்தன. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு டெல்லியில் தல்கடோரா. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்குச் சென்னையில் வேளச்சேரி நீச்சல் வளாகம். அதே 1995-இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பூங்காவும் திறந்தது. தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தை எடுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி நம்மையெல்லாம் மிரளவைத்தவர். ஒரே ஆண்டில் ஒரு பக்கம் நூறில் ஒரு பங்கு விநாடிக்காகத் தண்ணீர், இன்னொரு பக்கம் கூச்சலுக்கும் சிரிப்புக்கும் தண்ணீர்.

தண்ணீர்ப் பூங்கா என்ற எண்ணத்துக்கு வயது அதிகமில்லை. 1977-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஜார்ஜ் மில்லே தொடங்கியதைத்தான் முதல் தண்ணீர்ப் பூங்கா என்கிறார்கள். சறுக்குகள் கண்ணாடி இழையால் செய்தவை. பம்ப் தண்ணீரை உச்சிக்குத் தூக்கும், தண்ணீர் படலமாக வழியும், அதன்மேல் பிள்ளைகள் வழுக்கி வருவார்கள். தண்ணீர் நின்றால் தோல் உரியும், அதனால் பம்ப் நின்றால் சறுக்கும் நிற்க வேண்டும். அலைக்குளத்தில் ஒரு முனையில் இருக்கும் அறைகளுக்குள் காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுவார்கள். சோம்பேறி ஆறு என்று ஒன்று உண்டு. வளைந்து வளைந்து மெல்ல ஓடும் கால்வாயில் டியூபில் படுத்துக்கொண்டு மிதப்பது. டிக்கெட் எடுத்துப் போய் மிதந்தபோது என் சம்பந்தி சொன்னார்: "இதைத்தானே புது ஆற்றில் லாரி டியூபில் படுத்துக்கொண்டு சும்மாவே செய்தோம்!" தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோடு 1934-இல் வந்தது.

சம்பந்தி சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பூங்காவின் சோம்பேறி ஆற்றில் ஆழம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். சிவப்பு டி-சர்ட் போட்ட ஒருவர் விசிலோடு நிற்பார். புது ஆற்றில் யார் நிற்கிறார்கள்?

இந்த இடத்தில் கீஃபரைப் பற்றிச் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் அவர் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். குண்டடி படாமலேயே நீச்சல் தெரியாமல் எத்தனையோ மாலுமிகள் மூழ்கிப் போவதைக் கண்டு, அவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் முறையை வகுத்து, பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கினார். அந்த வேலைக்குப் பிறகுதான் கம்பெனி, அலையைத் தின்னும் கயிறு எல்லாம். நீச்சல் சாமான் தொழிலின் முன்னோடி ஒருவர் முதலில் செய்தது உயிர் காக்கும் வேலை. வெற்றியாளனைக் கண்டுபிடிக்கும் வேலை பிறகுதான் வந்தது. நம் பக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகில் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்தியாவில் 2022-இல் 38,000-க்கும் அதிகமானோர். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், ஒவ்வொரு ஆடிப்பெருக்கிலும் நாளிதழில் அந்தச் செய்தி வருகிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளம் மேலே இருந்து பார்த்தால் தெரிவதில்லை. முழங்கால் தண்ணீர் என்று நடப்பவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருக்கிறான். நான் வேலை பார்த்த ஆண்டுகளில் ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் நாள், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி எழுந்து, "அவன் லீவில் ஆத்துல போயிட்டான் சார்" என்றாள். ஐந்தாம் வகுப்பு. ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளை. நீச்சல் தெரியாது.

நம் தலைமுறைக்கு நீச்சல் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அண்ணனோ மாமாவோ சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டார்கள். கரையில் பத்துப் பேர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றிலும் ஆண்டில் பாதி நாள் தண்ணீர் இருந்தது. இன்று வீட்டுக்கு வீடு குளியலறை, படித்துறையில் ஆள் இல்லை. அண்ணன் திருப்பூரில், மாமா துபாயில். ஆறும் பல மாதம் காய்ந்து கிடந்து, திடீரென்று ஒருநாள் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. சொல்லிக்கொடுத்த ஏற்பாடு போய்விட்டது, தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கிறது. தஞ்சையில் அன்னை சத்யா விளையாட்டரங்கில் குளம் இருக்கிறது, கோடையில் பயிற்சி நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பாபநாசம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை அங்கே எத்தனை நாள் பஸ் ஏறி வர முடியும்?

இதற்கு நம்மைப் போலவே இன்னொரு நெல்வயல் டெல்டா வழி காட்டியிருக்கிறது. பங்களாதேஷ். அங்கேயும் வீட்டுக்கொரு குட்டை, ஊருக்கொரு ஆறு. அங்கே 2000-களின் நடுவில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நீச்சல் குளம் கட்டப் பணம் இல்லை. ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் ஒரு மேடையும் தடுப்பும் கட்டினார்கள். பிள்ளை நின்றால் கழுத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கும்படி அடியில் மூங்கில் தளம். ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆசிரியர் ஆக்கினார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், அரை நிமிடம் மிதக்க வேண்டும், தண்ணீரில் இறங்காமல் இன்னொருவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். பாடம் அவ்வளவுதான். அங்கே படித்த பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்தது என்று ஆய்வுகள் சொல்லின. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் இன்று பரிந்துரைக்கிறது. ஜூலை 25-ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. 2021-இல் அறிவித்தது.

மூங்கில், கயிறு, மிதவை, கரையில் கண்விழித்து நிற்கும் ஓர் ஆள். 1924 பாரிஸ் குளத்தில் இருந்ததும் ஏறக்குறைய இதேதான். நம்மிடம் மூங்கிலுக்குப் பஞ்சமா, குளத்துக்குப் பஞ்சமா?

அதனால்தான் இந்தப் பதிவு. உங்களில் பலர் வெளிநாட்டிலும் பெருநகரத்திலும் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். ஊர்க் கோயில் குடமுழுக்குக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள். அதோடு இதையும் நினையுங்கள். ஒவ்வொரு ஊர்ப் படித்துறையிலும் ஒரு மரத்தில் ஒரு லாரி டியூபும் நீளமான நைலான் கயிறும் தொங்கினால் போதும், பாதி உயிர் பிழைக்கும். பெரிய செலவில்லை. கோடையில் ஊர்க் குளம் ஒன்றில், ஊராட்சியின் அனுமதியோடு, நீச்சல் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரை வைத்து ஒரு மாதம் வகுப்பு நடத்தலாம். பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு நேரம் தனியாக ஒதுக்கினால் அம்மாக்கள் அனுப்புவார்கள். கயிறு விற்கும் தம்பி, மிதவையும் கயிறும் என்ன தரத்தில் வாங்குவது என்று சொல்லிக்கொடுங்கள். இனி ஊரில் யாராவது சிரித்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு பாடம், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். யாராவது மூழ்கினால் உடனே குதிக்காதே. மூழ்குகிறவன் உன்னைப் பிடித்து அமுக்குவான். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போன செய்தி எத்தனை படித்திருக்கிறோம்? முதலில் கத்தி ஆளைக் கூப்பிடு. கரையில் படுத்துக்கொண்டு குச்சியை, துண்டை, சேலையை நீட்டு. எட்டவில்லையென்றால் மிதக்கும் எதையாவது எறி. காலி பிளாஸ்டிக் குடம்கூடப் போதும்.

உங்கள் ஊரில் எந்தக் குளம் இதற்குச் சரிப்படும், யார் சொல்லிக்கொடுக்க முன்வருவார்கள் என்று கீழே எழுதுங்கள். ஏப்ரலுக்குள் ஒரு பட்டியல் தயாராகிவிட்டால் இந்தக் கோடையிலேயே ஓர் ஊரில் தொடங்கிவிடலாம்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்